உஷார்! பாயோரத்தில் பவர் பேங்க்: ஒரு காம்பராவில் பற்றினால் லயமே எரியும்

இரவுச் சாப்பாடு முடிந்ததும் பவர் பேங்க்கைச் சுவர் பிளக்கில் மாட்டி, தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தூங்குகிறவரா நீங்கள்? இன்றிரவு அதைச் செய்யாதீர்கள். காரணத்தைப் பிறகு வாசிக்கலாம். முதலில் எழுந்துபோய் அதைக் கழற்றி, பாய், போர்வை, துணி எதுவும் அண்டாத வெறும் சீமெந்துத் தரையில் வையுங்கள்.

பதுளை நகரத்து நடைபாதைகளிலிருந்து பண்டாரவளைச் சந்தை, பசறை, வெலிமடை, அப்புத்தளைக் கடைத்தெருக்கள் வரை பவர் பேங்க் இன்று கேட்ட இடத்தில் கிடைக்கும் பொருள். சம்பளம் கைக்கு வந்த வாரத்தில் ‘50000’, ‘100000’ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்த பெட்டியைத் தோட்டத்துப் பிள்ளைகள் ஆசையோடு வாங்கி வருகிறார்கள். விலையோ ஒரு நாள் பேர் போட்டால் கிடைக்கும் சம்பளத்துக்கும் கீழே. அந்த விலையில் அந்த எண் வராது. பெட்டியில் உள்ள எண் பொய் என்றால், உள்ளே உள்ள பற்றரியைப் பற்றி விற்றவர் சொல்லும் எதையும் நம்ப முடியாது. நம்ப முடியாத லித்தியம் பற்றரி காசை மட்டும் தின்பதில்லை. அது தீப்பிடிக்கும்.

தேவை இல்லாமல் வாங்குகிறோம் என்று நான் சொல்ல வரவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுவதும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் நேர்ந்த கோளாறு தீவு முழுவதையும் இருளாக்கியது. அதே வருடம் நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தது. பதுளை மாவட்டத்தில் மலைகள் சரிந்தன, பாதைகள் துண்டிக்கப்பட்டன, கரண்டும் சிக்னலும் போயின. உயிரோடு இருக்கிறோம் என்று கொழும்பில் வேலை செய்யும் மகனுக்குச் சொல்லக்கூட போனில் சார்ஜ் இல்லாமல் தாய்மார் தவித்தார்கள். மண்சரிவு எச்சரிக்கையைத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று படிப்படியாக அறிவிக்கிறது. அந்த அறிவிப்பு இன்று பெரும்பாலும் போனில்தான் வந்து சேர்கிறது. 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையை மண் மூடியதை மறக்காத மண் இது. இங்கே உயிருள்ள போன் ஒரு பாதுகாப்பு.

அதனால்தான் இந்த எச்சரிக்கை. காப்பாற்றுவதற்காக வாங்கும் பொருளே வீட்டை எரித்துவிடக் கூடாது.

உள்ளே என்ன இருக்கிறது?

பவர் பேங்க்கின் உடலுக்குள் லித்தியம் அயன் கலங்கள் இருக்கின்றன. சில உருளை வடிவம், சில தட்டை வடிவம். கலத்துக்குள் நேர்மின் தகடும் எதிர்மின் தகடும் பாயைச் சுருட்டுவது போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருட்டப்பட்டிருக்கும். இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தடுப்பது தலைமயிரைவிட மெல்லிய ஒரு பிளாஸ்டிக் படலம். இடையில் நிறைந்திருப்பது எளிதில் பற்றிக்கொள்ளும் திரவம்.

அந்தப் படலம் கிழிந்தாலோ உருகினாலோ தகடுகள் முட்டிக்கொள்ளும். முட்டிய இடம் சூடேறும். அந்தச் சூடு பக்கத்துப் படலத்தையும் உருக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு சூட்டைச் சூடே வளர்க்கத் தொடங்கும், பிளக்கைக் கழற்றினாலும் நிற்காது. ஒரு கலம் வெடித்தால் அதன் வெப்பம் அடுத்த கலத்தைப் பற்றவைக்கும். வரும் புகை நெஞ்சை அடைக்கும் நச்சுப் புகை. எரியும் கலம் தனக்குத் தேவையான ஒட்சிசனில் ஒரு பகுதியைத் தானே வெளிவிடுகிறது. ஆகவே சாக்கைப் போட்டு மூடினால் அணைந்துவிடும் என்ற கணக்கு இதற்குச் செல்லாது.

நல்ல பவர் பேங்க்கில் இதைத் தடுக்க ஒரு காவல் சுற்று உண்டு. கலம் நிரம்பியதும் சார்ஜை நிறுத்தும், அளவு மீறிச் சூடேறினால் மின்னைத் துண்டிக்கும், வயர் முட்டினால் உடனே தடுக்கும். மலிவுச் சரக்கில் முதலில் காணாமல் போவது இந்தச் சுற்றுதான். வெளியில் பார்த்தால் எந்த வித்தியாசமும் தெரியாது. விளக்கு எரியும், போனில் சார்ஜ் ஏறும். காவல் இல்லை என்பது தீப்பிடிக்கும் அன்றுதான் தெரியும். பழைய மடிக்கணினிகளிலிருந்து கழற்றிய கலங்களுக்குப் புது உறை போட்டு விற்பதும், உள்ளே மணலையோ இரும்புத் துண்டையோ வைத்து நிறையைக் கூட்டுவதும் உலகெங்கும் திரும்பத் திரும்பப் பிடிபட்ட மோசடிகள்.

எண்ணில் நடக்கும் ஏமாற்று

கடையில் எல்லோரும் கேட்பது “எத்தனை எம்.ஏ.எச்.?” (மில்லி அம்பியர் மணித்தியாலம்) என்பதைத்தான். எண் பெரிதானால் பெறுமதி பெரிது என்று நினைக்கிறோம். மோசடிக்காரனுக்கு இது வசதி. அச்சடிக்கும் எண்ணுக்கு அவனுக்குச் செலவே இல்லை.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். பவர் பேங்க்குகளில் பரவலாக இருக்கும் உருளைக் கலம் 18 மில்லிமீட்டர் விட்டமும் 65 மில்லிமீட்டர் நீளமும் கொண்டது. அதில் நல்ல கலம் ஒன்று ஏறக்குறைய 3500 எம்.ஏ.எச். வரைதான் பிடிக்கும், நிறை 45 முதல் 50 கிராம். அப்படியானால் 50000 என்று சொல்லும் பெட்டிக்குள் குறைந்தது 15 கலங்கள் வேண்டும். கலங்களின் நிறையே 700 கிராமைத் தொடும். சட்டைப் பைக்குள் அடங்கி, 200 கிராம்கூட இல்லாத பெட்டியில் 50000 என்று போட்டிருந்தால் அது பச்சைப் பொய். விவாதத்துக்கு இடமே இல்லை.

உண்மையான 10000 எம்.ஏ.எச். பவர் பேங்க் பெரும்பாலும் 180 முதல் 250 கிராம் இருக்கும். உண்மையான 20000 என்றால் ஏறக்குறைய 350 கிராமோ அதற்கு மேலோ இருக்கும். சந்தேகம் வந்தால் பக்கத்துப் பலசரக்குக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். இதைவிட மிகவும் இலேசாக இருந்தால் நம்பாதீர்கள். பாரமாக இருந்தால் நல்லது என்று முடிவுகட்டி விடவும் வேண்டாம், மணல் கதையை மேலே சொல்லியிருக்கிறேன். காதோடு சேர்த்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே ஏதாவது உருண்டால் காசை நீட்டாமல் திரும்பி வாருங்கள்.

இன்னொரு விடயமும் தெரிந்திருக்க வேண்டும். எம்.ஏ.எச். கணக்கு உள்ளே இருக்கும் கலத்தின் 3.7 வோல்ட்டுக்கு உரியது. போனுக்குப் போவது 5 வோல்ட். மாற்றும்போது எண் சுருங்கும், கொஞ்சம் சூடாகவும் வீணாகும். நேர்மையான 10000 பவர் பேங்க்கிலிருந்து 5 வோல்ட்டில் வெளிவருவது ஏறக்குறைய 6000 தான். 5000 எம்.ஏ.எச். பற்றரி உள்ள போனை அது ஒன்றேகால் தடவையிலிருந்து ஒன்றரைத் தடவை வரை நிரப்பும். பொறுப்பான கம்பனிகள் இந்த இரண்டாவது எண்ணையும் உடலில் சிறிய எழுத்தில் அச்சடிக்கின்றன. வாட் மணித்தியாலக் கணக்கும் பக்கத்தில் இருக்கும்: 10000 என்றால் 37, 20000 என்றால் 74. பெரிய எண் மட்டும் பளிச்சென்று இருந்து, இந்தச் சின்ன எழுத்துகள் எதுவும் இல்லாவிட்டால் அந்தப் பெட்டியைத் தொடாதீர்கள்.

முதுகில் சூரிய ஒளித் தகடு ஒட்டிய பவர் பேங்க்குகளையும் கவனியுங்கள். மின்சாரம் எப்போது போகுமோ என்ற பயத்தில் இருக்கும் நமக்கு அது ஆசை காட்டும். அந்தக் கையளவு தகடு தருவது நல்ல வெயிலில் ஒன்று, ஒன்றரை வாட். 20000 பெட்டியை அதால் நிரப்ப 50 மணித்தியாலம் சுட்டெரிக்கும் வெயில் வேண்டும். அப்புத்தளை, தம்பேதென்னைப் பக்கத்து மூடுபனிக்குள் அது நடக்காது. வெயில் கிடைத்தாலும் ஆபத்து தீரவில்லை. பற்றரியை மணிக்கணக்காகத் தகரக் கூரை மேல் வெயிலில் காயவிடுவது அதன் கலங்களை வேகவைப்பதுதான்.

பெயர் பெற்ற கம்பனி என்றாலும் இலக்கத்தைப் பாருங்கள்

“நல்ல பெயர் உள்ளதைத்தான் வாங்கினேன், எனக்குப் பயமில்லை” என்கிறவர்களும் கேளுங்கள். 2025 ஜூனில் ஆங்கர் கம்பனி தனது பவர்கோர் 10000 என்ற பவர் பேங்க்கை, ஏ1263 என்ற மாதிரி இலக்கம் உள்ளதை, அமெரிக்காவில் திருப்பி அழைத்தது. 2016 முதல் 2022 வரை அங்கே விற்ற 11 இலட்சத்துக்கும் அதிகமானவை அதில் அடங்கும். தீப்பிடித்ததாகவும் வெடித்ததாகவும் 19 முறைப்பாடுகள் வந்திருந்தன. அதே மாதம் அதன் வேறு சில மாதிரிகளும் பல நாடுகளில் திருப்பி அழைக்கப்பட்டன. அதே ஜூனில் சீனாவின் ரோமோஸ் கம்பனி ஏறக்குறைய 4 இலட்சத்து 90 ஆயிரம் பவர் பேங்க்குகளைத் திருப்பி அழைத்தது. ஆகஸ்டில் ஷாவோமியும் 33 வாட் 20000 மாதிரி ஒன்றைத் திருப்பிக் கேட்டது. 2016இல் சாம்சங் கேலக்சி நோட் 7 போன்கள் எரிந்ததும், அந்த மாதிரியையே சாம்சங் கைவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும்.

பெரிய கம்பனியில் தவறு நடந்தால் மாதிரி இலக்கத்தோடு அறிவிக்கிறார்கள், திருப்பி வாங்குகிறார்கள். பெயரில்லாப் பெட்டி எரிந்தால் யாரிடம் போய்க் கேட்பது? உங்கள் கையில் இருப்பது பெயருள்ள கம்பனியுடையது என்றால் அதன் மாதிரி இலக்கத்தை உடலில் பார்த்து, அந்தக் கம்பனியின் இணையத்தளத்தில் திருப்பி அழைத்த பட்டியலோடு ஒப்பிடச் சொல்லி வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த உறவினர் கொடுத்த பழைய பவர் பேங்க் என்றால் கட்டாயம் பாருங்கள். அங்கே திருப்பி அழைத்த சரக்கு இங்கே நம் அலுமாரிக்குள் கிடக்கலாம்.

லயத்தில் ஏன் இரட்டை ஆபத்து?

தனி வீட்டில் பற்றினால் ஒரு வீடு எரியும். லயத்தில் அப்படி இல்லை. பத்துக் காம்பரா, இருபது காம்பரா என்று ஒரே வரிசையாக, ஒரே கூரையின் கீழ் வெள்ளைக்காரன் காலத்தில் கட்டியவை அவை. பல லயங்களில் இடைச்சுவருக்கு மேலே கூரையடி ஒன்றோடொன்று திறந்தே கிடக்கிறது. நூறு வருடம் காய்ந்த மரச்சட்டங்கள், அடுப்புக்கு மேல் காயும் மிலாறு, கொடியில் தொங்கும் துணிகள், சின்ன அறைக்குள் மெத்தையும் பாடப் புத்தகங்களும். ஒரு மூலையில் கிளம்பும் தீ கூரையடியில் ஓடி அடுத்தடுத்த காம்பராக்களைப் பிடிக்கச் சில நிமிடங்கள் போதும். உடுத்திய துணியோடு குடும்பங்கள் பாடசாலையிலும் கோயில் மண்டபத்திலும் தங்க நேர்ந்த செய்திகளை மலையகத்தில் எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, பிள்ளையின் பரீட்சைப் பெறுபேறு, கலியாணத்துக்குச் சேர்த்த நகை எல்லாம் ஒரே இரவில் சாம்பலாகிவிடும்.

மின் இணைப்பு நிலைமையும் தெரிந்ததே. ஒரு பிளக்கிலிருந்து மல்டி பிளக், அதிலிருந்து நீட்டு வயர், அதில் ரைஸ் குக்கர், டீவி, போன், பவர் பேங்க். கரண்ட் போய்த் திரும்பும்போது மின்னழுத்தம் ஏறி இறங்கும். மலிவு சார்ஜர் தலை அதைத் தாங்காது. தீயணைப்பு வண்டி நகரத்திலிருந்து கிளம்பி, கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, தோட்டத்து உடைந்த றோட்டில் ஏறி வரவேண்டும். அது வந்து சேரும் முன் முடிய வேண்டியது முடிந்துவிடும்.

அதனால் லயத்தில் பவர் பேங்க் ஒருவருடைய சொந்தப் பொருள் மட்டுமல்ல. நீங்கள் கவனமாக இருந்தாலும் மூன்றாவது காம்பராத் தம்பி கவனமாக இல்லாவிட்டால் உங்கள் கூரையும் சேர்ந்தே எரியும்.

வாங்கும்போது

முதலில் எவ்வளவு வேண்டும் என்று முடிவு செய்யுங்கள். ஒரு போனுக்கு நேர்மையான 10000 போதும். வீட்டில் மூன்று போன் இருந்தால் 20000. அதற்கு மேல் போகத் தேவையில்லை. பெரிய பொய்யைவிடச் சிறிய உண்மை மேல்.

நிலையான கடையில் வாங்குங்கள். நாளைக்கும் அதே இடத்தில் இருக்கும் கடை, கடையின் பெயரும் திகதியும் மாதிரி இலக்கமும் எழுதிய பற்றுச்சீட்டு, எழுத்தில் உத்தரவாதம் ஆகிய மூன்றும் இல்லாமல் காசு கொடுக்காதீர்கள். வாய் வார்த்தையாக “ஆறு மாதம் உத்தரவாதம்” என்பது உத்தரவாதம் அல்ல.

பெட்டியில் கம்பனியின் பெயர் எழுத்துப் பிழையோடு இருக்கிறதா? மாதிரி இலக்கம் பெட்டியிலும் உடலிலும் ஒன்றுதானா? வாட் மணித்தியாலம் எழுதியிருக்கிறதா? சுரண்டிப் பார்க்கும் குறியீடு இருந்தால் கடையிலேயே சுரண்டி, போனில் பரிசோதியுங்கள். சீ.ஈ. என்ற இரண்டு எழுத்தைப் பார்த்து மட்டும் நம்பிவிடாதீர்கள். அது தயாரிப்பாளர் தானே அறிவித்துப் போடும் அடையாளம், அச்சடிப்பதும் இலகு. சீனா 2024 ஆகஸ்டிலிருந்து தன் நாட்டுக்குள் விற்கும் பவர் பேங்க்குகளுக்குத் தனியான கட்டாயச் சான்று கேட்கிறது. உற்பத்தி செய்யும் நாடே இவ்வளவு கண்டிப்போடு இருக்கும்போது நாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாமா?

பாவித்த பவர் பேங்க்கை யார் விற்றாலும் வாங்காதீர்கள். அது எத்தனை தடவை விழுந்தது, எத்தனை தடவை நனைந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. இணையத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால், மீதிப் பாதி எதில் மிச்சம் பிடிக்கப்பட்டது என்று கேளுங்கள்.

நாட்சம்பளம் 2024 செப்டம்பரில் 1350 ரூபாவாக உயர்வதற்கே எத்தனை வருடப் பேச்சுவார்த்தை, எத்தனை போராட்டம். மழையில் நனைந்து, அட்டைக் கடி பட்டு, கொழுந்தெடுத்துச் சேர்த்த காசு அது. அதை நெருப்புக்குக் கொடுக்கக் கூடாது. இந்த மாதம் நல்லது வாங்க முடியாவிட்டால் பொறுத்து அடுத்த மாதம் வாங்குங்கள். அதுவரை போன் சார்ஜைக் காப்பாற்ற வழி இருக்கிறது. பள்ளத்தாக்கு லயங்களில் சிக்னல் குறைவு. சிக்னல் தேடித் தேடியே போன் பற்றரியைத் தின்கிறது. கரண்ட் இல்லாத நேரத்தில் டேட்டாவை நிறுத்துங்கள், திரை வெளிச்சத்தைக் குறையுங்கள், அவசியம் இல்லாத நேரங்களில் விமானப் பயன்முறையில் போட்டுவையுங்கள். மண்சரிவு எச்சரிக்கை இருக்கும் நாட்களில் மட்டும் ஒரு போனாவது எப்போதும் திறந்திருக்கட்டும். பழைய பட்டன் போன் ஒன்று இருந்தால் தூக்கி எறியாமல் சார்ஜ் போட்டு வைத்திருங்கள். நாட்கணக்கில் நிற்கும்.

பாவிக்கும்போது

தூங்கும்போது சார்ஜ் போடாதீர்கள். பவர் பேங்க் சார்ஜ் ஏறும் நேரம் யாராவது விழித்திருக்கும் நேரமாக இருக்கட்டும். பின்னேரம் வேலை முடிந்து வந்ததும் போட்டு, படுக்கும் முன் கழற்றிவிடுங்கள். சீமெந்துத் தரை அல்லது ஓட்டுத் துண்டின் மேல் வையுங்கள். மெத்தை, தலையணை, சோபா, துணிக்குவியல், சாமிப்படத் தட்டு எதன் மேலும் வேண்டாம். நுவரெலியா எல்லைப் பக்கத்துக் குளிரில் போர்வைக்குள் போனையும் பவர் பேங்க்கையும் சேர்த்துப் போர்த்திக்கொண்டு படம் பார்க்கிற பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. உடனே நிறுத்துங்கள். போர்வை சூட்டை வெளியே விடாது.

பவர் பேங்க் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து போனுக்கும் கொடுக்காதீர்கள். இரண்டு வேலையும் சேர்ந்தால் சூடு ஏறும். அடுப்படியிலிருந்து தள்ளி வையுங்கள். ஓட்டையொழுகும் கூரைக்குக் கீழே வைக்காதீர்கள். நனைந்ததை அரிசிப் பானைக்குள் போட்டுக் காயவைத்து மறுபடி பாவிப்பது விஷப் பரீட்சை. உள்ளே புகுந்த ஈரம் சுற்றை அரித்துக்கொண்டே இருக்கும். நனைந்தால் போனது போனதுதான். மலைக்குப் போகும்போது கொழுந்துக் கூடையிலோ சட்டைப் பையிலோ திறப்பு, சில்லறைக் காசோடு சேர்த்துப் போடாதீர்கள், சார்ஜ் வாயில் உலோகம் முட்டிவிடும். விழுந்து நசுங்கியதையும் தொடர்ந்து பாவிக்காதீர்கள்.

வெள்ளத்திலும் மண்சரிவிலும் கோயில், பாடசாலை, தேவாலயம் என்று கூடியிருக்கும்போது ஜெனரேட்டரில் ஒரே மல்டி பிளக்கில் இருபது பேருடைய பவர் பேங்க்கும் போனும் குவியலாகக் கிடப்பதைப் பார்க்கிறோம். முகாமைப் பார்த்துக்கொள்கிறவர்களே, குவிக்க விடாதீர்கள். தள்ளித் தள்ளி வையுங்கள், படுக்கும் இடத்துக்கு வெளியே வையுங்கள், முறை போட்டு ஒருவரைக் காவல் வையுங்கள்.

வீங்கினால், சுட்டால், புகைந்தால்

உடல் உப்பியிருக்கிறது, மூடி விலகுகிறது, பெயின்ட் போன்ற இனிப்பு வாடை வருகிறது, கையில் பிடிக்க முடியாமல் சுடுகிறது, சார்ஜ் ஏறாமலே சூடாகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பவர் பேங்க்கின் ஆயுள் முடிந்துவிட்டது. பாவிக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். ஊசியால் குத்திக் காற்றை எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், குத்திய கையிலேயே வெடிக்கும். லயத்தை விட்டுத் தள்ளி, மழை படாத இடத்தில், மணல் போட்ட இரும்பு வாளிக்குள் வையுங்கள். அடுப்பிலும் குப்பைக் குழியிலும் போடாதீர்கள், பிள்ளைகள் விளையாட எடுத்துவிடாமல் பாருங்கள். மின்னணுக் கழிவு சேர்க்கும் இடத்தை நகரசபையில் அல்லது போன் கடையில் விசாரித்து ஒப்படையுங்கள்.

புகையோ தீயோ கிளம்பிவிட்டால் கையால் தூக்காதீர்கள். முதல் வேலை ஆட்களை வெளியேற்றுவது. பிள்ளைகள், வயதானவர்கள், நோயாளிகள் முதலில். சத்தம் போட்டு அடுத்த காம்பராக்களை எழுப்புங்கள். பிளக்கில் மாட்டியிருந்தால் மெயின் சுவிட்சை அணையுங்கள். மின்சாரம் நின்ற பிறகே தண்ணீர். ஒரு கோப்பை போதாது, வாளி வாளியாக ஊற்ற வேண்டும். தீயை அணைப்பதோடு கலங்களைக் குளிரவைப்பதும் தண்ணீரின் வேலை. அணைந்த மாதிரி இருந்து மணித்தியாலங்கள் கழித்து மறுபடி பற்றும், ஆகவே உள்ளே கொண்டுவராதீர்கள். புகை அடர்ந்துவிட்டால் வீரம் வேண்டாம், பொருளை விட்டுவிட்டு வெளியே வாருங்கள். தீயணைப்புக்கு 110, அம்புலன்ஸுக்கு 1990, அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. இந்த இலக்கங்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

சுட்ட காயத்துக்குப் பற்பசை, மை, எண்ணெய் எதுவும் பூசாதீர்கள். ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் பிடித்து, சுத்தமான துணியால் மூடி, தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கட்டுநாயக்கவுக்குப் போகிறவர்களே

ஊவாவிலிருந்து வேலைக்காக வளைகுடாவுக்குப் பறக்கும் தங்கச்சிமாரும் தம்பிமாரும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். பவர் பேங்க்கைப் பெரிய பெட்டிக்குள் வைத்து அனுப்பக் கூடாது, கைப்பையில்தான் இருக்க வேண்டும். 100 வாட் மணித்தியாலம் வரை, அதாவது ஏறக்குறைய 27000 எம்.ஏ.எச். வரைதான் சாதாரணமாக விடுவார்கள். அதற்கு மேல் 160 வரை விமானக் கம்பனியின் முன் அனுமதி வேண்டும். ‘50000’ என்று அச்சடித்திருந்தால் உள்ளே உண்மையில் 4000 தான் இருந்தாலும் அச்சடித்த எண்ணைப் பார்த்தே பறித்துவிடலாம். எண் அழிந்திருந்தாலும் அதே கதிதான். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 அக்டோபர் 1ஆம் திகதியிலிருந்து ஒருவருக்கு ஒரு பவர் பேங்க்தான், அதையும் பறக்கும்போது பாவிக்கக் கூடாது.

இந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருக்கிறது. 2025 ஜனவரி 28ஆம் திகதி தென்கொரியாவின் பூசான் விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் உள்ளேயிருந்து பற்றி எரிந்தது. தலைக்கு மேல் பொருள் வைக்கும் தட்டில் இருந்த பவர் பேங்க் ஒன்றே காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் சொன்னார்கள். தரையில் நின்றதால் உள்ளே இருந்த 176 பேரும் உயிர் தப்பினார்கள். விமானத்தின் கூரையோ உருகிப்போனது. அத்தனை பாதுகாப்போடு கட்டிய விமானத்துக்கே அந்தக் கதி என்றால் லயத்துக் கூரை எம்மாத்திரம்?

கேட்பதற்கு உரிமை இருக்கிறது

ஏமாந்தால் வாயை மூடிக்கொண்டு இருக்காதீர்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. பொய் விபரம் சொல்லி விற்பது குற்றம். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து அதிகாரசபையிடம் முறையிடலாம். பற்றுச்சீட்டையும் பெட்டியையும் படத்தோடு வைத்திருங்கள். ஒருவர் முறையிட்டால் ஒரு முறைப்பாடு. ஒரே தோட்டத்தில் பத்துப் பேர் சேர்ந்து முறையிட்டால் அந்தச் சரக்கு சந்தைக்கு வருவது நிற்கும்.

தொழிற்சங்கத் தலைவர்மாரே, தோட்ட நிர்வாகத்தினரே, பாடசாலை அதிபர்மாரே, கோயில் கமிட்டியினரே, இதை உங்கள் கூட்டங்களில் சொல்லுங்கள். லயத்துக்கு லயம் நிரம்பிய தண்ணீர் வாளிகளையும் மெயின் சுவிட்ச் எங்கே என்று தெரிந்த இரண்டு பேரையும் வையுங்கள். மின் வயர்களைப் பார்த்துத் திருத்த நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். கைப்பெட்டி ஒன்றில் முக்கியமான காகிதங்களைச் சேர்த்து வாசலுக்குப் பக்கத்தில் வையுங்கள். மண்சரிவுக்கும் அதுவே உதவும்.

இப்போது உங்கள் வீட்டுப் பவர் பேங்க்கை எடுங்கள். உப்பியிருக்கிறதா, வாட் மணித்தியாலம் எழுதியிருக்கிறதா, எழுதிய எண்ணுக்கு நிறை சரியா என்று பாருங்கள். ஒன்றுக்காவது பதில் பிழைத்தால் அது இன்றிரவு வீட்டுக்குள் இருக்கக் கூடாது. உங்களுடையதைப் பார்த்து முடித்ததும் பக்கத்துக் காம்பராவின் கதவைத் தட்டுங்கள். கூரை ஒன்று, ஆகவே அவர்களுடையதையும் பாருங்கள்.